சென்னையிலிருந்து சிங்கப்பூர் எத்தனை நாள்?

1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்கு சிங்கப்பூரின் கடிகாரங்கள் நேரே பன்னிரண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. தீபகற்பத்துக்கும் போர்னியோப் பக்கத்து மாநிலங்களுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று மலேசியா முடிவுசெய்திருந்தது. மலேசியாவோடு பாலத்தால் இணைந்திருக்கும் சிங்கப்பூர் மட்டும் தனி நேரம் வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அதுவும் கூடவே நகர்ந்தது. புத்தாண்டு அரை மணி முன்னதாகவே பிறந்துவிட்டது.

முந்தின நாள் வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம். விடிந்தால் இரண்டரை. புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கு, கிழக்கே போகும் விமானம் ஒரே இரவில் அரை மணி சோம்பேறியாகிவிட்டது போலவும், திரும்பி வரும் விமானம் அரை மணி சுறுசுறுப்பாகிவிட்டது போலவும் தெரிந்திருக்கும். இன்றைக்கும் சிங்கப்பூரில் இரவு எட்டு மணிக்கு ஏறுகிறவர் சென்னையில் பத்து மணிக்குள் இறங்கிவிடுகிறார். நடுவில் கழிந்தது நாலு மணி நேரத்துக்கு மேல்.

மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி வரை நேராகப் பறந்தால் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். கப்பல் பாதை இதைவிடக் கொஞ்சம் நீளம். வங்காள விரிகுடாவைக் குறுக்காகக் கடந்து, நிக்கோபாருக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் இடையே நுழைந்து, மலாக்கா நீரிணையில் தெற்கே இறங்க வேண்டும். பினாங்கைத் தொட்டுக்கொண்டு போனால் 1,650 கடல் மைல் வரும். ஆயிரம் வருஷமாக இந்தத் தூரம் ஒரு மைல்கூட மாறவில்லை. மாறியதெல்லாம் வழியில் எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதுதான். முதலில் காற்றுக்காக, பிறகு அம்மைத் தடுப்புச் சோதனைக்காக, அதன் பிறகு குடிநுழைவு முத்திரைக்காக. பயண நேரம் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு எப்போதும் இந்தக் காத்திருப்புதான்.

காற்றிலிருந்து தொடங்கலாம். 671-இல் சீனாவிலிருந்து கப்பலேறிய பௌத்தத் துறவி இத்சிங், தன் காலத்தில் இந்தியாவுக்குப் போன மற்ற துறவிகளின் பயணங்களையும் எழுதிவைத்தார். அவர்களில் வூசிங் என்பவரின் வழி நமக்கு முக்கியம். சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜயத்திலிருந்து பதினைந்து நாளில் அதே தீவின் மலாயு. அங்கிருந்து இன்னொரு பதினைந்து நாளில் கெடா. குளிர்காலக் கடைசி வரை அங்கே இருந்துவிட்டு மேற்கே பாய் விரித்தால் முப்பது நாளில் நாகப்பட்டினம். அதற்கப்புறம் இலங்கைக்கு இரண்டே நாள். சிங்கப்பூர் என்று இன்று நாம் சொல்லும் இடம் இந்த வழியின் ஓரத்தில்தான் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் கடலில் கழிந்தது இரண்டு மாதம். ஆனால் கெடாவில் காத்திருந்த நாட்களையும் சேர்த்தால்தான் அது முழுக் கணக்கு.

அந்தக் காத்திருப்பு தவிர்க்க முடியாதது. தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று மேற்கே தள்ளும். ஒரே பருவத்தில் போய்விட்டு வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து துணியேற்றிக்கொண்டு போன வணிகர், விற்று முடித்தாலும் முடிக்காவிட்டாலும், காற்று திரும்பும் வரை அங்கேதான் இருக்க வேண்டும். கெடாவிலும் மலாக்காவிலும் பிற்காலத்தில் பினாங்கிலும் தமிழ் வணிகர் குடியிருப்புகள் வேர்விட்டதற்கு வியாபாரம் ஒரு காரணம் என்றால், இந்தக் கட்டாய ஓய்வு இன்னொரு காரணம். ஆறு மாதம் ஓர் ஊரில் தங்குகிறவனுக்கு வீடு வேண்டும், கோயிலோ பள்ளிவாசலோ வேண்டும், சில சமயம் இன்னொரு குடும்பமும் வேண்டியிருந்தது. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்தின் மீது, அதாவது இதே கெடாவின் மீது, கடற்படை அனுப்பியதைப் பற்றி மேடைகளில் முழங்குகிறவர்கள், அந்தப் படையும் இதே காற்றுக்குக் கட்டுப்பட்டதுதான் என்பதைச் சொல்வதில்லை.

நீராவிக் கப்பல் வந்ததும் காற்றின் அதிகாரம் போயிற்று. அதற்குள் செய்தி மனிதர்களை முந்திக்கொண்டுவிட்டது. 1871-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போட்டு முடித்தார்கள். அரிசி விலையும் ஈய விலையும் கப்பலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தன. விலை தெரிந்துகொண்டு சரக்கேற்றும் வசதி கிடைத்தது. அந்தச் சரக்கும் ஆளும் மட்டும் பழையபடி அலையில் நனைந்துகொண்டுதான் ஏறினார்கள். சென்னையில் அப்போது சொல்லிக்கொள்ளும்படி துறைமுகமே இல்லை. கப்பல் தூரத்தில் நங்கூரமிடும். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா படகில் அலையைத் தாண்டிப் போய் ஏற வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துபோகும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். கல் கொட்டிக் கட்டிய புதிய துறைமுகத்தின் அணைகளில் பெரும்பகுதியை 1881 நவம்பர் புயல் அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி கட்டினார்கள்.

நாகப்பட்டினத்துக்கு அந்தக் கல்லணையும் கிடைக்கவில்லை. கடைசி வரை கப்பல் வெளியேதான் நின்றது. பயணிகள் படகில் போய் ஏணி ஏறினார்கள். இருந்தாலும் மலாயாவுக்குப் போகிறவர்களின் ஊர் அதுதான். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு ரயிலில் வந்து இறங்கினால் எதிரே கடல். ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகளும் தங்கள் கூட்டத்தை அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தோட்ட முதலாளிகளிடம் பணம் வசூலித்து, தொழிலாளியின் கப்பல் கட்டணத்தை அதிலிருந்து கொடுத்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னைக்கு அருகே ஆவடியிலும் ஆட்களைத் தங்கவைக்கும் முகாம்கள் இருந்தன. 1938-இல் இந்திய அரசு இந்த உதவிப் பயணத்துக்குத் தடை போடும் வரை இது ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வழியின் பெயர்பெற்ற கப்பல் ‘ரஜூலா’. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டது. எட்டாயிரம் டன்னுக்குச் சற்று மேல். அந்த அளவுள்ள கப்பலில் ஐயாயிரத்துக்கும் அதிகமான டெக் பயணிகளை ஏற்றிக்கொள்ள உரிமம் இருந்தது என்பதைப் படிக்கிற எவரும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அந்த எண்ணைப் பார்ப்பார்கள். முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் சில அறைகளோடு மேலே இருந்தன. மற்றவர்களுக்கு அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் பாயை விரித்து, நாலு பக்கமும் டிரங்குப் பெட்டியையும் மூட்டையையும் வைத்தால் அந்தச் சதுரம்தான் ஒரு குடும்பத்தின் வீடு. முதலில் ஏறினவருக்குக் காற்று வருகிற இடம். நாகப்பட்டினத்தில் கடைசியாக ஏறினவருக்கு, சென்னைக்காரர்கள் விட்டுவைத்த இடம். கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே வாந்தி.

மணிக்குப் பதின்மூன்று கடல் மைல் என்று வைத்துக்கொண்டால் 1,650 கடல் மைலுக்கு ஐந்தே கால் நாள். நாகப்பட்டினத்தில் ஒரு நிறுத்தம், பினாங்கில் ஒன்று, இன்று கிள்ளான் துறைமுகம் என்கிற போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் ஒன்று. எல்லாம் சேர்த்து ஒரு வாரம் ஆனது. 1929 டிசம்பரில் பெரியார் தன் முதல் மலாயாப் பயணத்துக்கு நாகப்பட்டினத்தில்தான் கப்பலேறினார், பினாங்கில் இறங்கினார்.

ஒரு வாரம் என்பதும் மேல் தட்டுக்காரர்களுக்குத்தான். டெக்கில் வந்தவருக்கு கப்பல் நின்ற பிறகும் பயணம் முடியாது. கப்பலில் ஒருவருக்கு அம்மையோ காலராவோ கண்டிருந்தால் அத்தனை பேரும் தொற்றுத்தடை முகாமுக்குப் போக வேண்டும். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூருக்குத் தெற்கே செயின்ட் ஜான்ஸ் தீவு. துணிமணிகளையெல்லாம் நீராவியில் போட்டு எடுப்பார்கள், ஊசி போடுவார்கள், நாள் எண்ணவைப்பார்கள். சிங்கப்பூரின் விளக்குகள் எதிரே தெரியும், போக முடியாது. ஒரே கப்பல், ஒரே கடல். அறையெடுத்து வந்த அதிகாரிக்கு ஒரு பயண நேரம், அடித்தளத்தில் வந்த தோட்டத் தொழிலாளிக்கு இன்னொரு பயண நேரம். பழைய கப்பல் கம்பெனி அட்டவணைகள் முதலாவதை மட்டும்தான் அச்சடித்தன.

ரஜூலாவோடு அதே ஆண்டில் கட்டப்பட்டு அதே வழியில் ஓடிய ஜோடிக் கப்பல் ‘ரோனா’. அதன் கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. இரண்டாம் உலகப்போரில் இரண்டையும் படை ஏற்றிப் போக எடுத்துக்கொண்டார்கள். நாகப்பட்டினத்துப் பயணிகளைச் சுமந்த ரோனா, 1943 நவம்பர் 26 அன்று அமெரிக்கப் படைவீரர்களோடு அல்ஜீரியக் கரையோரம் போய்க்கொண்டிருந்தபோது, ஜெர்மன் விமானம் ஒன்று ரேடியோ வழியாக இயக்கிய குண்டு அதன் மேல் விழுந்தது. மாண்ட அமெரிக்க வீரர்கள் மட்டும் 1,015 பேர். கடலில் ஒரே தாக்குதலில் அமெரிக்கா அத்தனை படையினரை இழந்த நிகழ்ச்சிகள் வெகு சில. செய்தி வெளியே வராமல் பல ஆண்டுகள் மறைத்துவைக்கப்பட்டது. ரஜூலா தப்பியது. போர் முடிந்து தன் பழைய வழிக்கே திரும்பிவந்தது.

அந்த இடைக்காலம்தான் இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருந்த காலம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது முதல் 1945 செப்டம்பர் வரை பயணிகள் கப்பலும் இல்லை, பணவிடையும் இல்லை. சிங்கப்பூர் கடிகாரம் டோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டது. புருஷன் பினாங்கில் இருக்கிறானா, ஜப்பானியர் ஆள்பிடித்துப் போட்ட சயாம் ரயில் பாதையில் செத்துப்போனானா என்று தெரியாமல் ஊரில் இருந்த பெண்களுக்கு மைல் கணக்கு எதற்கு?

கடிகாரம் பற்றி இன்னும் கொஞ்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை வானாய்வு நிலையத்தில் ஜான் கோல்டிங்ஹாம் கணித்த தீர்க்கரேகையிலிருந்து வந்ததுதான் மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு ஐந்து மணி இருபத்தொரு நிமிடம் முன்னால். இந்திய ரயில்களெல்லாம் பல காலம் அதன்படிதான் ஓடின. 1906 முதல் ஐந்தரை மணி என்றானது. அதற்குப் பிறகு இந்தப்பக்கம் போர்க்காலம் தவிர அசையவில்லை. சிங்கப்பூர்தான் அசைந்துகொண்டே இருந்தது. 1905-இல் ஏழு மணி, 1933-இல் ஏழு மணி இருபது நிமிடம், 1941-இல் ஏழரை, ஜப்பானியர் காலத்தில் ஒன்பது, மறுபடி ஏழரை, 1982-இல் எட்டு. ஆக, ஒன்றரை மணி நேரமாக இருந்த இடைவெளி இரண்டரை ஆகிவிட்டது. விமானம் இரண்டு ஊரையும் இழுத்துப் பிடித்த அதே நூற்றாண்டில் கடிகாரம் ஒரு மணி நேரம் தள்ளிவைத்திருக்கிறது. அங்கே சூரியன் ஏழு மணிக்குத்தான் உதிக்கிறது என்று முதல் தடவை போகிறவர்கள் ஆச்சரியப்படுவதற்கும் இதுதான் காரணம்.

விமானம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று நினைப்பது சரியல்ல. இம்பீரியல் ஏர்வேஸ் 1933 டிசம்பரில் சிங்கப்பூரைத் தொட்டபோது அதன் வழி கராச்சி, ஜோத்பூர், டெல்லி, அலகாபாத், கல்கத்தா, அக்யாப், ரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார் என்று கரையைப் பிடித்துக்கொண்டே போனது. விரிகுடாவைக் குறுக்கே தாண்டும் துணிச்சல் அந்தக் கால இயந்திரங்களுக்கு இல்லை. அட்டலாண்டா வகை விமானத்தில் ஒன்பது பேர் உட்காரலாம். சென்னைக்காரர் அதில் போக நினைத்தால் முதலில் கல்கத்தா மெயில் பிடிக்க வேண்டும். அதற்கு ரஜூலாவே தேவலை. டாடாவின் தபால் விமானம் 1932 அக்டோபரிலேயே கராச்சியிலிருந்து சென்னைக்கு வந்துவிட்டது. ஆனால் அது சென்னையோடு நின்றது, எதிரே தண்ணீர்.

அந்தத் தண்ணீரைத் தாண்டி ஏர் இந்தியா இன்டர்நேஷனல் தன் கான்ஸ்டலேஷன் விமானத்தை பம்பாயிலிருந்து சென்னை வழியாக சிங்கப்பூருக்கு ஓட்டத் தொடங்கியது 1954-இல். நாலு விசிறிகள் கொண்ட அந்த விமானம் மணிக்கு 480 கிலோமீட்டர் போனால் ஆறு மணி நேரத்தில் கடலைத் தாண்டிவிடும். ஒரு வாரம் ஒரு பகலாகச் சுருங்கியது. 1960-இல் ஏர் இந்தியாவுக்கு போயிங் 707 வந்தது. ஜெட் யுகத்தில் அது நாலு மணி நேரமானது.

வேகத்தின் கதை அங்கேயே நின்றுவிட்டது. இதைச் சொன்னால் நம்பாதவர்கள் உண்டு. இன்று இந்த வழியில் பறக்கும் ஏர்பஸ் 320 வகை விமானம் ஒலியின் வேகத்தில் 0.78 பங்கில் பறக்கிறது. 707 அதற்கு ஓரளவு மேலேயே பறந்தது. எரிபொருள் மிச்சப்பட்டது, சத்தம் குறைந்தது, கட்டணம் சாமானியன் கைக்கு எட்டியது. நிமிடம் மட்டும் குறையவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஜெட்டில் போன பணக்காரரும் இப்போது மலிவு விமானத்தில் முழங்கால் இடிக்கப் போகிற கட்டடத் தொழிலாளியும் வானத்தில் கழிப்பது ஏறக்குறைய ஒரே நேரம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஆடி ஆவணியில் தென்மேற்குக் காற்று கப்பலைக் கிழக்கே தள்ளும் என்று பார்த்தோம். அதே மாதங்களில் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே வேகமாக வீசுகிறது. தென்னாசியாவின் மேலே ஓடும் இந்தக் கீழைக்காற்றோட்டத்தை 1958-இல் விளக்கி எழுதியவர் இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம். ஆகவே பாய்மரக் காலத்தில் சிங்கப்பூர் போக உகந்த பருவம், ஜெட் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வர உகந்த பருவமாகிவிட்டது. வித்தியாசம் மாதக்கணக்கில் இல்லை, பத்துப் பதினைந்து நிமிடம்தான். பயணிக்கு அது தெரியவும் தெரியாது. விமானி மட்டும் எரிபொருள் கணக்கில் பார்ப்பார்.

ஆறு மணி நேரத்தில் போகலாம் என்று வந்த பிறகும் ரஜூலா இருபது வருஷம் ஓடியது ஏன்? சாமான்தான் காரணம். விமானத்தில் இருபது கிலோ. கப்பலில் டிரங்குப் பெட்டி, தையல் மிஷின், பித்தளை அண்டா, பாய் தலையணை, ஊறுகாய் ஜாடி. முப்பது வருஷம் மலாயாவில் உழைத்துவிட்டு ஊருக்கு ஒரேயடியாகத் திரும்புகிற குடும்பம் இருபது கிலோவில் எதைக் கட்டும்? பணமும் ஒரு காரணம். அதோடு விமானம் சென்னைக்கு வந்தது, கப்பல் நாகப்பட்டினத்துக்கு வந்தது. மன்னார்குடிக்காரருக்கு எது பக்கம்? இதற்கிடையே 1953 முதல் மலாயாவின் புதிய குடிநுழைவுச் சட்டம் புதிதாக வருகிறவர்களை வெகுவாகக் குறைத்துவிட்டது. கப்பல் புதியவர்களை ஏற்றிப் போவதைவிட, ஏற்கெனவே போனவர்களைக் கொண்டுவருவதும் கொண்டுவிடுவதுமாக இருந்தது.

1973-இல் ரஜூலா ஓய்வுபெற்றது. இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி ‘ரங்கத்’ என்று பெயர் மாற்றியும் அடுத்த ஆண்டே உடைப்புக்குப் போய்விட்டது. அதன் இடத்துக்கு வந்தது ‘எம்.வி. சிதம்பரம்’, 1966-இல் பிரான்ஸில் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் கட்டப்பட்ட நல்ல கப்பல். 1985-இல் சிங்கப்பூரிலிருந்து சென்னை திரும்பும் வழியில் அதில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் மாண்டார்கள். கப்பல் பிறகு உடைக்கப்பட்டது; அதற்கு மாற்றாக வேறு எதுவும் வரவில்லை. வூசிங் வந்த வழியில் பயணிகள் கப்பல் அதோடு நின்றது.

நாகப்பட்டினத்தின் இடத்தைச் சென்னை பிடித்துக்கொண்டதாக ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மையில் பிடித்துக்கொண்டது திருச்சி. நள்ளிரவில் திருச்சி விமான நிலையத்து வாசலில் நின்று பார்த்தால் தெரியும்: அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, காரைக்குடிப் பக்கத்துக் கார்கள், வேன்கள், வழியனுப்ப வந்த ஒரு முழுக் குடும்பம். அதே ஊர்கள், அதே ஆட்கள்தான். வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஒரு வரிசை. அடுத்தவர் சாமானைத் தன் சாமானாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்து கூலி வாங்கும் குருவிகளும் கலந்து நிற்பார்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தந்திக் கம்பி போன வழியிலும் செய்தி ஓட்டம் நிற்கவில்லை. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 3,200 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒளியிழைக் கம்பி கடலடியில் இறங்கியது. குருவி விமானம் ஏறும் முன்பே வாட்ஸப்பில் தங்கம் விலை வந்துவிடுகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் மறுபடி புறப்பட்டது 2023 அக்டோபர் 14 அன்று. போனது பினாங்குக்கு அல்ல, இலங்கையின் காங்கேசன்துறைக்கு. தூரம் 110 கிலோமீட்டர். ஆன நேரம் கிட்டத்தட்ட நாலு மணி, திருச்சியில் ஏறினவர் சிங்கப்பூரில் இறங்க ஆகும் அதே நேரம்.